ஒரு கதவு எண், இரண்டு அடுப்பு

மார்ச் 3

பெறுநர்: மதிப்பீட்டு அலுவலர், சொத்து வரிப் பிரிவு, நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் வீட்டை இரண்டு குடியிருப்புகளாகக் கணக்கிட்டதை எதிர்த்து மேல்முறையீடு.

ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் பிரிவினரும் நலமாக இருப்பீர்கள் என்று கருதுகிறேன். கீழ்க்காணும் செயல்களைச் செய்து முடிக்க நல்ல உடல்நலம் தேவைப்பட்டிருக்கும்.

1. ஜனவரி 12: நான் கல்லூரியில் இருந்த நேரத்தில், முன்னறிவிப்பின்றித் தங்கள் பணியாளர் இருவர் என் வீட்டை அளந்து சென்றனர்.

2. ஜனவரி 29: என் வீடு இனி 'இரண்டு தனிக் குடியிருப்புகள்' என்றும், உரிமையாளரே குடியிருப்பதற்கான சலுகை நீக்கப்படுகிறது என்றும், வரி இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது என்றும் அறிவிப்பு வந்தது. காரணம் கூறப்படவில்லை.

3. பிப்ரவரி 6: காரணம் கேட்க நேரில் வந்தேன். நான்காம் கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டாம் கவுன்ட்டருக்கு அனுப்பினார். இரண்டாம் கவுன்ட்டரில் இருந்தவர் நான்காம் கவுன்ட்டருக்கே திருப்பி அனுப்பினார்.

4. அதே நாள்: நான்காம் கவுன்ட்டர் எழுத்தர், "மாடியில குடியிருக்கிற அம்மாகிட்ட கேட்டுத்தான் சார் எழுதினோம். தனிச் சமையல்னு அவங்களே சொன்னாங்க" என்றார். அந்த அம்மையார் வாடகைதாரர் அல்லர்; இவ்வீட்டைச் சேர்ந்தவர். ஒருவரின் வாய்ச்சொல்லை வைத்து ஒரு வீட்டை இரண்டாகப் பிளக்க எந்த விதி இடமளிக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் மேல கேளுங்க சார்" என்றார். மேலே கூரை மட்டுமே இருந்தது.

5. பிப்ரவரி 17: அளவுப் படிவத்தின் நகலைப் பெற்றேன். திறந்த மொட்டைமாடி, கூரையுள்ள அறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. நான் நில அளவையியல் கற்பிப்பவன். முதலாமாண்டு மாணவன் ஒருவன் இவ்வாறு அளந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். தங்கள் பிரிவில் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்குக் கதவு எண் ஒன்று. குடும்பம் ஒன்று. இவ்விரண்டையும் ஏற்று, பழைய மதிப்பீட்டை மீண்டும் வழங்குமாறு கோருகிறேன்.

இப்படிக்கு,
வரியை ஒரு தவணைகூடத் தவறாமல் செலுத்திவரும் உரிமையாளர்


மார்ச் 5

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் முழங்காலும் எவ்வாறுள்ளன என்று எழுது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் மருத்துவர் சொன்னபடி நடக்கிறாரா, அல்லது தனக்குத் தோன்றியபடியா?

இத்துடன் நகராட்சிக்கு நான் அனுப்பிய மனுவின் நகலை வைத்திருக்கிறேன். படித்தால் விஷயம் புரியும். வீடு அப்பா எழுதிவைத்தபடி நம் இருவர் பெயரிலும் இருப்பதால், மேல்முறையீட்டில் உன் உறுதிமொழியும் தேவை. அந்தத் தாளையும் இணைத்துள்ளேன். 'மேற்படி வீட்டில் ஒரே குடும்பம் வசிக்கிறது. ஒரே சமையல் நடக்கிறது' என்ற வாக்கியத்தின் கீழ் மைப் பேனாவால் கையெழுத்திட்டு, அசலைத் தபாலில் அனுப்பு. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஏற்பதாக இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன்.

கோடிட்ட இடத்தில் கையெழுத்திடு. சென்ற முறை வங்கித் தாளில் கோட்டுக்கு மேலே ஏறி எழுதியிருந்தாய்.

உன் அண்ணி நலம்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள ஜட்ஜ் அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் மாப்பிள்ளை தனக்குத் தோன்றியபடிதான் நடக்கிறார். ஆனால் மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் மருத்துவர் சொன்னபடி நடந்து காட்டுகிறார். கடையில் வேலை அதிகம். இந்த நாட்டில் இது பள்ளி திறக்கும் காலம், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கண்ணாடி வேண்டுமாம்.

உங்கள் மனுவைப் படித்தேன். மொட்டைமாடி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த வெயிலை அறை என்று எழுதியவரை ஒரு மத்தியானம் அங்கே உட்காரவைக்க வேண்டும்.

உறுதிமொழித் தாளை இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன் ஒரு சந்தேகம். நான் கடைசியாக வந்தபோது மாடியில் உங்கள் பழைய விடைத்தாள் மூட்டைகள்தான் இருந்தன. இப்போது 'தனிச் சமையல்' செய்யும் ஓர் அம்மையார் இருக்கிறாராமே. வாடகைக்கும் விடவில்லை என்கிறீர்கள். 'இவ்வீட்டைச் சேர்ந்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டைச் சேர்ந்த அம்மையார் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

இரண்டு பக்கக் கடிதத்தில் என் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது பற்றி ஒரு முழு வாக்கியம். அண்ணிக்கு மூன்றே சொற்கள். அண்ணி எப்படி இருக்கிறார் அண்ணா?

உங்கள் தங்கை,
இன்னும் கையெழுத்திடாதவள்


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. கேட்டது கையெழுத்து, வந்தது குறுக்கு விசாரணை.

உன் சந்தேகத்துக்கு விளக்கம்: விடைத்தாள்களை அகற்றி மாடி அறையைச் சுத்தம் செய்தாயிற்று. அங்கே காற்றோட்டம் நன்று. உன் அண்ணி பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுவதும் இரத்தக் குப்பிகளுக்கு நடுவே நிற்பவள். ஓய்வெடுக்கவும் படிக்கவும் அந்த அறை அவளுக்கு வசதியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறுவது சிரமம் என்பதால் சிறு எரிவாயு அடுப்பு ஒன்றும் அங்கே வைக்கப்பட்டுள்ளது. இது ஓர் ஏற்பாடு. உலகில் பல வீடுகளில் மாடியில் தேநீர் போட்டுக்கொள்கிறார்கள். அவற்றையெல்லாம் நகராட்சி இரண்டாகப் பிளப்பதில்லை.

கல்லூரியில் தேர்வுக் காலம். மாலையில் விடைத்தாள் திருத்துகிறேன். சமையலும் பழகிவிட்டேன். அளவு சரியாக இருந்தால் எதுவும் கெடுவதில்லை. உப்புக்கும் இது பொருந்தும்.

தாளை உடனே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 2

நகராட்சி அலுவலகம், சொத்து வரிப் பிரிவு

அன்புடையீர்,

வணக்கம். தங்கள் மேல்முறையீடு பெறப்பட்டது. மொட்டைமாடி குறித்த ஆட்சேபணை சரியெனத் தெரிகிறது, அளவு திருத்தப்படும்.

இரண்டாவது பொருளைப் பொறுத்தவரை, ஒரே கட்டடத்தில் தனித்தனியே சமைத்து உண்டு வாழ்வோர், உறவினராயினும், தனிக் குடித்தனமாகவே கருதப்படுவர் என்பது விதி. மாடியில் வசிக்கும் அம்மையார் தங்களுக்கு என்ன உறவு என்று மனுவில் குறிப்பிடப்படவில்லை. ஏப்ரல் 18 முற்பகல் நேரில் ஆய்வு நடைபெறும். வீட்டில் வசிக்கும் அனைவரும் அப்போது இருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் கேட்டறிந்த பின்னரே ஆணை வழங்கப்படும்.

தங்கள் ஒத்துழைப்பை நாடும்,
மதிப்பீட்டு அலுவலர்


ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையை மருத்துவரிடம் போகாத நாட்களிலும் ஒழுங்காக நடக்கச் சொல்.

நகராட்சியின் பதிலை இணைத்துள்ளேன். மொட்டைமாடியில் நான் வென்றுவிட்டேன். எஞ்சியிருப்பது சமையல். 'உறவினராயினும்' என்ற சொல்லைக் கவனி. ஒரு வீட்டில் யார் யாரோடு உண்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் உரிமையை ஓர் அலுவலகத்துக்கு யார் கொடுத்தது?

நேற்று மாலை உன் அண்ணி வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியின் அடியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அடுப்பையும் பாத்திரங்களையும் அந்த ஒரு நாளைக்கு மட்டும் கீழே இறக்கி வைக்கலாம் என்றேன். தூக்குவதற்கு நானே வருவதாகவும் சொன்னேன்.

அவள் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "ஒரு நாளைக்கு இறக்கினா, ஒரு நாளைக்குத்தானே ஒரே வீடு?" என்றாள்.

"விதிப்படி அந்த ஒரு நாள் போதும்" என்றேன்.

"விதிப்படி நீங்க எப்பவும் சரியாத்தான் இருப்பீங்க. அடுப்பு அங்கேயே இருக்கட்டும்."

ஏறிப் போய்விட்டாள். ஜனவரியில் அளக்க வந்தவர்களிடம் அவள் ஏன் அவ்வாறு சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், இவள் பதில் சொன்னாள். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. என் சிக்கல் அதுதான்.

ஆய்வின்போது உண்மையைச் சொல்வாள். சொன்னால் வீடு இரண்டுதான், முத்திரையோடு, நிரந்தரமாக. நம் அப்பா கட்டிய வீட்டுக்கு என் காலத்தில் இரண்டு கதவு எண்கள் வருவதை நான் அனுமதிக்க இயலாது. உன் கையெழுத்தாவது என் பக்கம் இருக்கட்டும். ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்று எழுதுவதை இனி நான் நம்பப்போவதில்லை.

'ஏற்பாடு' என்றீர்கள். காற்றோட்டம் என்றீர்கள். தேநீர் என்றீர்கள். அண்ணா, எனக்கு நவம்பரிலேயே தெரியும். அண்ணி மாடிக்குப் போன அந்த வாரமே எனக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோம். உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நீங்களாக என்னிடம் சொல்வீர்கள் என்று இருவரும் காத்திருந்தோம். நீங்கள் எனக்கு உப்பின் அளவைப் பற்றி எழுதினீர்கள்.

அண்ணி மாடிக்குப் போன அன்று உங்கள் கல்லூரிக்காரரும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். அண்ணி பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. முதல்முதலா ஊசியைக் கையில எடுக்கறேன். ரத்தம் கொடுக்க வந்தவர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் மயங்கி விழுந்துட்டேன். அவர்தான் என்னைத் தூக்கி நாற்காலியில உட்கார வச்சாராம்..."

நீங்கள் குறுக்கிட்டு, "புதன்கிழமை" என்றீர்கள்.

"செவ்வாய்தாங்க."

"புதன். நான்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டேன். முந்தின நாள் கல்லூரிக்கு விடுமுறை."

அதோடு நிற்கவில்லை. சாப்பாட்டை விட்டு எழுந்து, அந்த வருஷத்து நாட்காட்டியைக் கைப்பேசியில் தேடி எடுத்து, விருந்தாளிகள் இருவரிடமும் காட்டினீர்கள். அவர்களும் பாவம், "ஆமாம், புதன்தான்" என்றார்களாம். அதற்குப் பிறகு கதையின் முடிவை யாரும் கேட்கவில்லை. அண்ணி தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மறுநாள் அடுப்பு வாங்கினார்.

நாள் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நீங்கள் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் நான் அழுதுகொண்டே எதையாவது சொன்னால்கூட, முதலில் வாக்கியத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் ஏன் அழுகிறாய் என்று கேட்பீர்கள்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பக் கூட்டிவரும்போது "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டிருந்தால், இந்தக் கதை உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். முடிவு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறார்.

உறுதிமொழித் தாள் இதோ. 'ஒரே சமையல்' என்ற வரியை அடித்துவிட்டு, மீதிக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒரே குடும்பம் என்பதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். கோட்டின் மேல் ஏறாமல் எழுதியிருக்கிறேனா பாருங்கள்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கையெழுத்து கோட்டின் மீதே உள்ளது. நன்றி. மற்றவை குறித்து எழுத எனக்கு இப்போது சொற்கள் இல்லை. எனவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முந்தாநாள் அலுவலர் வந்தார். உடன் நான்காம் கவுன்ட்டர் எழுத்தரும், அளவு நாடாவுடன் ஒரு பணியாளரும். மொட்டைமாடியை மறுபடி அளந்தார்கள். நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அது சரியாக முடிந்தது. பிறகு கீழே சமையலறைக்கு வந்தார்கள். எழுத்தர் அலமாரியைத் திறந்து பார்த்து, "ஒரு தட்டு, ஒரு டம்ளர் சார்" என்றார். அலுவலர் எழுதிக்கொண்டார். மாடிக்குப் போனார்கள். அங்கேயும் எழுத்தர் அதையே சொன்னார்.

அலுவலர் நல்ல மனிதர்தான். ஆனால் வேலையின் நடுவே கொஞ்சம் சிரிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது போலும். "கீழ ஒரு தட்டு, மேல ஒரு தட்டு. புரொபசர் சார், இது வீடா ஹாஸ்டலா?" என்றார்.

எழுத்தர் விடவில்லை. "வாடகை எப்படி சார், ஒண்ணாந்தேதியே வந்துருமா? இல்ல அம்மாவும் தவணை கேக்குறாங்களா?"

நாடாக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் விதிப் புத்தகத்தில் 'குடும்பம்' என்ற சொல்லின் விளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கம் அகப்படவில்லை.

உன் அண்ணி மாடி அறையின் வாசலில் நின்றிருந்தாள். வேலைக்குப் புறப்படும் உடையில் இருந்தாள்.

"அளக்க வந்தீங்களா, சிரிக்க வந்தீங்களா?" என்றாள்.

எழுத்தர், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

"எடுத்துக்கல. கேக்க வேண்டியதைக் கேளுங்க. எனக்கு நேரமாச்சு."

அலுவலர் குரலைச் சரிசெய்துகொண்டார். "சார் உங்களுக்கு..."

"வீட்டுக்காரர்."

"ஜனவரியில வந்தப்போ தனிச் சமையல்னு சொல்லியிருக்கீங்கம்மா."

"அடுப்பு ரெண்டு இருக்கு. அதைத்தான் சொன்னேன். சாப்பாடு ஒண்ணாத்தான்."

"தினமுமா?"

அவள் அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "தினமும்."

அலுவலர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே சார்?" என்றார்.

தங்கையே, அது உண்மையில்லை என்பதை அங்கிருந்த ஐவருள் இருவர் அறிவோம். நான்கு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. அலுவலர் என் மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு எழுதி முடித்தார். அவர்கள் போனார்கள்.

அவள் கதவைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தாள். என் எதிரே நின்றாள்.

"தினமும்னு சொன்னேன். தப்பு. நீங்க திருத்தலை."

"ஆம்" என்றேன்.

"உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய்விட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இல்லை.

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை அவள் பொறுக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. ஆனால் நான் அதை அவளிடம் கேட்கவில்லை.

அண்ணன்


மே 4

நகராட்சி அலுவலகம், சொத்து வரிப் பிரிவு

ஆணை

மனுதாரர் வீட்டில் ஏப்ரல் 18 அன்று நடைபெற்ற ஆய்வின்போது, மனுதாரரின் மனைவி அளித்த வாக்குமூலத்தின்படியும், மனுதாரர் அதனை மறுக்காததாலும், மேற்படி வீட்டில் ஒரே குடும்பம் வசிப்பதும், உணவு நாள்தோறும் ஒன்றாக உண்ணப்படுவதும் உறுதியாகிறது. எனவே பழைய மதிப்பீடும் உரிமையாளர் சலுகையும் மீண்டும் வழங்கப்படுகின்றன. மேல்முறையீடு முழுமையாக ஏற்கப்பட்டது.

அளிக்கப்பட்ட தகவலில் பிழை இருப்பின், ஆணை நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் மனுதாரரே அதனைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

மதிப்பீட்டு அலுவலர்


மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறைக்குள் ஆணையின் நகல் மட்டும் இருந்தது. மாப்பிள்ளையின் முழங்காலைக்கூடக் கேட்கவில்லை. முழங்கால் நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் தேடிப் பார்த்தேன், உங்கள் கையால் ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பத்தியின் கீழ் மட்டும் பென்சில் கோடு. நீங்கள் போட்ட கோடு என்பது பார்த்தாலே தெரிகிறது, அவ்வளவு நேராக இருக்கிறது.

முழுமையாக ஜெயித்துவிட்டீர்கள். சாப்பிட்டீர்களா?

சென்ற ஞாயிறு அண்ணி பேசினார். நான் ஆணையைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு, ஒரு மாசமா யாரையும் எதுவும் சொல்றதில்லை. பேப்பர்காரர் நாளைக்கு வர வேண்டிய இணைப்பை இன்னிக்கே போட்டுட்டுப் போறாரு, அதைக்கூடக் கேக்கலை" என்றார். கவலையாகத்தான் சொன்னார். கொஞ்சம் சிரித்தும் சொன்னார்.

அண்ணா, எனக்கு எழுதுவதை நிறுத்துங்கள். நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். என்னால் ஒன்றும் ஆகாது. மாடிக்கு எழுதுங்கள். தபால்தலைச் செலவும் மிச்சம்.

உங்கள் தங்கை


மே 21

அனுப்புநர்: கீழ்த்தளம்.

பெறுநர்: மேல்தளம்.

பொருள்: உண்மைக்கு மாறான ஆணையைச் சரிசெய்வது தொடர்பாக.

உனக்கு,

வணக்கம். உன் உடல்நலம் அறிய விழைகிறேன். இரண்டு நாட்களாகக் காலையில் இருமல் கேட்கிறது. நீ கேட்ட கேள்விக்குத் தாமதமான பதில்: என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நகராட்சியின் ஆணையை இணைத்துள்ளேன். இவ்வீட்டில் உணவு நாள்தோறும் ஒன்றாக உண்ணப்படுகிறது என்று அது சொல்கிறது. அந்தத் தகவலை அளித்தவள் நீ, மறுக்காதிருந்தவன் நான். அது பிழை. ஒரு பிழையை அப்படியே விட்டுவைக்க என்னால் இயலாது என்பதை உலகில் எவரையும்விட நீ நன்கு அறிவாய். நீ மாடிக்குப் போனதே அதனால்தான் என்று இப்போது எனக்கும் தெரிகிறது. என் தங்கை மிகவும் தெளிவாக எழுதியிருந்தாள்.

இந்தப் பிழையைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆணையைத் திருத்துவது. நகராட்சிக்குச் சென்று, இது இரண்டு குடித்தனம்தான் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது. வரி உயரும், கட்டிவிடலாம். ஜனவரியில் நீ சொன்னதே சரி என்றும் ஆகும். மற்றொன்று, ஆணையை அப்படியே விட்டுவிட்டு வீட்டைத் திருத்துவது. இதற்கு எந்தக் கவுன்ட்டரிலும் நிற்க வேண்டியதில்லை. ஆணை சொல்வது உண்மையாகிவிட்டால் அதில் பிழை இல்லை.

நான் இரண்டாவதைக் கோருகிறேன்.

உன் அடுப்பை இறக்கச் சொல்லவில்லை. ஏப்ரலில் அவ்வாறு கேட்டது தவறான கோரிக்கை. அதைத் திரும்பப் பெறுகிறேன். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு மேலே வருகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும் என்பதால், பாதி நாட்கள் நானே சமைத்தும் எடுத்து வருவேன். உண்ணத்தக்கதாகவே இருக்கும்.

இனித் திருத்தவே மாட்டேன் என்று எழுதித் தர முடியாது. அது பொய் உறுதிமொழியாகும். இந்த வீட்டின் பெயரில் ஏற்கெனவே ஒன்று கோப்பில் இருக்கிறது. நீ சொல்லத் தொடங்கியதைச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன் என்பதை மட்டும் உறுதியளிக்கிறேன். ஒரு மாதமாகப் பயிற்சி செய்துவருகிறேன். பேப்பர்காரர் சாட்சி.

அன்று புதன்கிழமை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் ரத்தம் கொடுக்க வந்தவர் உன்னை நாற்காலியில் உட்காரவைத்த பிறகு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. உன்னைக் கொண்டுபோய் விட்டவனும் கூட்டிவந்தவனும் நான், எனக்குத் தெரியாது. கடலுக்கு அப்பால் இருக்கும் என் தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் ஒரு மனக்குறையாகவே பதிவு செய்கிறேன். என் மனக்குறைகளின் பட்டியலில், என் மீதே நான் கூறுவது இது ஒன்றுதான். அந்தக் கதையைச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தொடங்கிச் சொல்லலாம்.

என் கோரிக்கையை மறுக்க உனக்கு முழு உரிமை உண்டு. காரணம் கூற வேண்டியதில்லை. மறுத்தால், மறுநாளே நகராட்சிக்குச் சென்று இந்த வீடு இரண்டு என்று என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அதன் பிறகு உன்னிடம் எதையும் கோர மாட்டேன். ஏற்பதானால், முதலாவதாக எந்த வேளைக்கு வரலாம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

வாய்மொழியாகச் சொன்னால் நான் நடுவே பேசிவிடக்கூடும் என்பதால், எழுத்து மூலமே பதில் தேவை. மே 25, மாலை ஆறு மணிக்குள்.